நீலப்பச்சைப் பாசி: நீர் தெளிந்ததும் நஞ்சு போய்விட்டதாக நம்பாதீர்கள்

குடிநீர்ப் பரிசோதனைப் பணிக்குப் புதிதாக வந்த இருவர், நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீர்த்தேக்கம் ஒன்றில், பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தூவுவதற்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை அண்மையில் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே கணக்கைப் போட்டவன். கையுறை அணிவதையும் பாட்டிலில் தேதி எழுதுவதையும் எவரும் சொல்லித்தந்துவிடுவார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இப்பணியில் எளிதில் நேரும் தவறுகளை மட்டும் கீழே ஒவ்வொரு தலைப்பாகத் தருகிறேன்.

பாசியைக் கொன்றால் போதும் என்று எண்ணுவது

மைக்ரோசிஸ்டிஸ் போன்ற பாசிகள் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் கல்லீரல் நச்சு, பாசி உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும். படிகாரம் இட்டுப் படியவைத்து மணல் வடிகட்டியில் செலுத்தினால், செல்களோடு நச்சின் பெரும்பகுதியும் நீங்கிவிடும். மயில்துத்தமோ செல்லை உடைத்து நச்சை நீரில் கலக்கவிடுகிறது. கரைந்துவிட்ட நச்சை மணல் வடிகட்டி பிடித்துவைப்பதில்லை.

என் பரிந்துரையின்பேரில் மருந்து தூவிய சில நாட்களில் நீரின் பச்சை வெளிறியது. கரையோரச் சேற்றில் ஒதுங்கிய பாசியின் விளிம்பில் நீலச்சாயம் கசிந்திருந்தது. அது ஃபைகோசயனின் என்னும் நிறமி; செல் சிதைந்தால்தான் வெளியே வரும். அந்த நீலத்தைப் படம்பிடித்து, மருந்து பலித்ததற்குச் சான்றாக அறிக்கையில் ஒட்டினேன். வடிகட்டிய நீரில் நச்சு ஏறியிருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தபோதுதான், நான் பார்த்தது இன்னதென்று புரிந்தது. உடனே நீர் எடுப்பதை நிறுத்தினோம். இன்றும் அதை நினைத்தால் என்மீதே கோபம் வருகிறது. ஏனெனில் இது அப்போதே பலருக்குத் தெரிந்த செய்தி. ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979ஆம் ஆண்டு, குடிநீர் அணையில் பெருகிய பாசிக்கு மயில்துத்தம் இட்ட சில நாட்களில் 148 பேர் வாந்தியும் ஈரல் வீக்கமுமாக நோயுற்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள்.

பாசி மிதக்கும் மேல்மட்டத்தைத் தவிர்த்து வேறு ஆழத்திலிருந்து நீரை எடுங்கள். வடிகட்டும் முன்பே குளோரின் இட்டுச் செல்களை உடைக்காதீர்கள். நச்சு ஏற்கெனவே கரைந்திருந்தால், தூளாக்கிய கிளர்வூட்டிய கரியும் (ஆக்டிவேட்டட் கார்பன்), வடிகட்டிய பின் இடும் குளோரினும் மைக்ரோசிஸ்டினை நீக்க உதவும். நீரின் பிஹெச் 8க்கு மேல் ஏறினால் குளோரினின் வேகம் குறைந்துவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

காய்ச்சச் சொல்வது

மைக்ரோசிஸ்டின் கொதிநிலையிலும் சிதையாது. நீர் ஆவியாக வற்றும்போது எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் நீரை அருந்தும் அமெரிக்காவின் டொலீடோ நகரில் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தபோது, காய்ச்சவும் வேண்டாம் என்றே சேர்த்துச் சொன்னார்கள்.

வாடையை நம்புவது

சில பாசிகள் வெளியிடும், மண்வாடை தரும் ஜியோஸ்மின் என்னும் பொருள் நச்சு அன்று. வாடையற்ற நீரிலும் நச்சு இருக்கலாம்.

வடிகட்டிய மாதிரியை மட்டும் அளப்பது

ஏரி நீரில் இது பாதிக் கணக்குதான். மாதிரியை உறையவைத்து உருக்குவதை மும்முறை செய்து செல்களை உடைத்த பிறகே மொத்த நச்சை அளக்க வேண்டும்.

குடிப்பவர்களை மட்டும் கணக்கில் கொள்வது

உலக சுகாதார நிறுவனம், மைக்ரோசிஸ்டினின் ஒரு வகையான மைக்ரோசிஸ்டின்-எல்ஆருக்கு வாழ்நாள் முழுவதும் அருந்தும் நீரில் வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அந்த அளவு வாய்வழியே அருந்துவோருக்கானது. டயாலிசிஸ் செய்துகொள்பவரின் இரத்தமோ ஒவ்வொரு முறையும் நூறு லிட்டருக்கும் மேலான நீரை ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் சந்திக்கிறது. பிரேசிலின் கருவாரு நகரில் 1996ஆம் ஆண்டு அவ்வழியே நச்சேறி ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர். ஆகவே நீர்த்தேக்கத்தில் பாசி பெருகிய அன்றே, அந்நீரைப் பெறும் டயாலிசிஸ் நிலையங்களுக்கு முதல் தொலைபேசி அழைப்பு போக வேண்டும்.