நகம் தேய்க்கும் மின்கருவி: முனையின் சுத்தம் முக்கியம்

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி அழகு நிலையங்களில் கூட்டம் அதிகம். அந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது நகம் தேய்க்கும் மின்கருவியில் மாட்டும் முனைகளின் சுத்தம்தான். ஒருவருக்குப் பயன்படுத்திய உலோக முனையை வெறும் துணியால் துடைத்து அடுத்தவர் விரலில் வைக்கவே கூடாது. முனையின் பள்ளங்களில் ஒட்டிய நகத்தின் வெண்தூளைத் தூரிகையால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவிய பிறகே கிருமிநாசினியில் ஊறவிடுங்கள். தூள் மிச்சமிருந்தால் மருந்து அதன் அடியில் சேராது. பிறகு நன்றாக உலர்த்துங்கள். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். முனைமேல் மாட்டும் மணல்தாள் உறை ஒருவருக்கு ஒன்று, பின் குப்பைக்கு. கைப்பிடியை நீரில் நனைக்காதீர்கள்.

இயற்கை நகத்தில் வேகத்தைக் குறைத்து, முனையை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். வாடிக்கையாளர் "சுடுகிறது" என்றால் உடனே கருவியை எடுத்துவிடுங்கள். எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது தவறு.