பெண்களின் வயிற்றுக் கொழுப்பு: எடை மெஷின் காட்டாத அபாயமும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

ஒரு பெண்ணின் உயரம் 155 செ.மீ., எடை 54 கிலோ. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பிஎம்ஐ எண் 22.5; இந்தியர்களுக்கான 23 என்ற வரம்பைத் தாண்டவில்லை. வயிற்றைச் சுற்றி டேப் வைத்தால் 86 செ.மீ. வருகிறது. எடை சரியாக இருக்கிறதே என்று இவரை அப்படியே விட்டுவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

அமெரிக்காவில் 44,636 செவிலியர்களை 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. பிஎம்ஐ சரியாக இருந்தும் வயிற்றுச் சுற்றளவு 88 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு, அதே எடை வரம்பில் வயிறு சிறுத்திருந்தவர்களைவிட சுமார் 3 மடங்கு. அந்த 88 மேலைநாட்டுப் பெண்களுக்கான அளவு. தெற்காசியப் பெண்களுக்கு வரம்பு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை இன்ச். குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு நமக்கு என்பதால் இந்த வித்தியாசம்.

தேசியக் குடும்பநல ஆய்வில் 2019-21 சுற்றில்தான் முதன்முறையாக வயிற்றையும் அளந்தார்கள். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 94 செ.மீ. என்ற கணக்கில் நாடு முழுக்கப் பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 12 விழுக்காட்டினரும் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் இது பாதிக்கும் மேல்.

எந்தக் கொழுப்பு என்று பார்க்காமல் இருப்பது

விரலால் கிள்ளினால் பிடிபடுவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே சேருவது வேறு. அதுதான் ஆபத்தானது. உள்கொழுப்பிலிருந்து கரைந்து வரும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி குடலிலிருந்து கிளம்பும் ரத்தக் குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, ரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு கூடுகிறது, இன்சுலின் சொல்வதை உடல் கேட்பது குறைகிறது. ஈடுகட்ட கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து, ஒரு கட்டத்தில் முடியாமல் போகும்போது சர்க்கரை நோய் வெளியே தெரிகிறது.

லிப்போசக்ஷன் செய்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் 2004-ல் வந்த ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். இரண்டரை மாதம் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைட், இன்சுலின் செயல்பாடு எதுவும் மேம்படவில்லை. உருவம் மாறியது, உள்ளே இருந்த கொழுப்பு அங்கேயே இருந்தது.

மாதவிடாய் ஓடும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொழுப்பைத் தொடைக்கும் பிட்டத்துக்கும் அனுப்புகிறது. அங்கே சேர்வதால் பெரிய கெடுதல் இல்லை. மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றுக்குத் திரும்புகிறது. மொத்தக் கொழுப்பில் சுமார் 5 முதல் 8 விழுக்காடாக இருந்த உள்கொழுப்பு 15 முதல் 20 வரை போகலாம். எடை ஒரு கிலோகூட ஏறாமல் இது நடக்கக்கூடும். கர்ப்பப்பையோடு சூலகங்களையும் (ஓவரி) எடுத்துவிட்டவர்களுக்கு இந்த மாற்றம் முன்பே வந்துவிடும். அவர்கள் ஐம்பது வயது வரை காத்திருக்கக் கூடாது.

தவறான இடத்தில் அளப்பது

பாவாடை நாடா அழுத்திய தடத்தின் மீதே டேப்பைச் சுற்றுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அது அளக்க வேண்டிய இடம் இல்லை. தொப்புளும் நம்பகமான அடையாளம் இல்லை. வயிறு சரியும்போது தொப்புளும் கீழே இறங்கிவிடும். பேண்ட் சைஸை வைத்துக் கணக்கிடவே கூடாது.

காலையில் வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்தபின் அளக்க வேண்டும். பக்கவாட்டில் விரலால் தடவி, விலாவின் கடைசி எலும்பு முடியும் இடத்தில் மையால் புள்ளி வையுங்கள். அதே பக்கத்தில் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில்தான் டேப் போக வேண்டும். துணிமேல் அளக்காதீர்கள். டேப் முதுகுப் பக்கம் சரிந்துவிடும், கண்ணாடியில் பார்த்துத் தரைக்குச் சமமாக வையுங்கள். வயிற்றை எக்காமல் இயல்பாக மூச்சை வெளியே விட்டு, அந்த நொடியில் எண்ணைப் படியுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இருமுறை அளந்து 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளக்கலாம். தையல்காரர் வருடக்கணக்கில் இழுத்து இழுத்து நீண்டுபோன பழைய டேப் வேண்டாம்.

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் வயிறு உப்பியிருக்கும். அதனால் மாதம் ஒருமுறை, விலக்கு முடிந்த வாரத்தில் அளப்பது நல்லது. கர்ப்ப காலத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. குள்ளமானவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 155 செ.மீ. உயரத்துக்கு அது 77.5.

புடவையும் நைட்டியும் எந்த வயிற்றுக்கும் இடம் கொடுக்கும் உடைகள். ஐந்தாறு செ.மீ. கூடியது உடுப்பவருக்கே தெரியாது. டேப் இல்லாமல் இதைப் பிடிக்க முடியாது.

அளந்துவிட்டு அதோடு நிறுத்துவது

80-ஐத் தாண்டினால் அடுத்த வேலை ரத்தப் பரிசோதனை. பலர் மொத்தக் கொலஸ்ட்ரால் 180 என்று பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். வயிற்றுக் கொழுப்பு கெடுப்பது பெரும்பாலும் வேறு இரண்டை: ட்ரைகிளிசரைட் 150-க்கு மேல் போகும், நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 50-க்குக் கீழ் இறங்கும். இவற்றோடு வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், வயிற்றுச் சுற்றளவு 80 அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டிய நிலை அது.

சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் எடுப்பதில் பெண்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுப்பதையும் சேர்த்துப் பார்ப்பது பாதுகாப்பு.

பிடரியில் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருப்பதைத் தாலிச் சரடு உரசியது என்று நினைத்து எலுமிச்சையும் கடலை மாவும் தேய்ப்பார்கள். அக்குளிலும் அதே கறுப்பு இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' (கல்லீரலில் கொழுப்பு) என்று வருவதையும் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று ஒதுக்காதீர்கள்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்தோடு போய்விட்டது என்று மறந்துவிடுவது இன்னொரு பெரிய தவறு. இவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 முதல் 10 மடங்கு. பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. குழந்தையின் தடுப்பூசித் தேதிகளை விடாமல் காக்கும் தாய்மார்கள் தங்கள் தேதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதை நினைவுபடுத்த வேண்டும்.

எல்லாப் பழியையும் தைராய்டு மேல் போடுவது

தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ. அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். மாத்திரை சரியான அளவில் போய், தைராய்டு பரிசோதனையில் வரும் டிஎஸ்ஹெச் எண் வரம்புக்குள் இருக்கும்போது வயிறு மட்டும் வளர்கிறது என்றால் காரணம் வேறு.

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி, வயிற்றுக்கு பெல்ட்

படுத்து எழும் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், அதன்மேல் இருக்கும் கொழுப்பைத் தனியாகக் கரைக்காது. பெல்ட் கழற்றும்வரைதான். பலன் தருவது உடல் முழுவதும் இயங்கும் வேலை: பேசலாம் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடை, வாரத்துக்கு 150 நிமிடம், கூடவே வாரம் இரு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போதும், ஆரம்பத்துக்கு.

ஒரு மாதம் நடந்தும் எடை குறையவில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். எடை அசையாமலே உள்கொழுப்பு குறையும். சென்னையில் மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. எடை பெரிதாகக் குறையாமலே கிடைத்த பலன் அது.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவது

ஒரு கப் சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் இரண்டு சப்பாத்தியில் இருப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டிலும் 40 கிராமை ஒட்டி. எண்ணெய் தடவிய மூன்றாவது சப்பாத்தியில் கணக்கு ஏறிவிடுகிறது. எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு தட்டில் அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும்: பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு அல்லது சப்பாத்தி, கால் தட்டு பருப்பு, முட்டை, மீன் அல்லது சுண்டல். பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்கு மிஞ்சுவது சோறும் குழம்பும்தான். காயும் மீனும் தீர்ந்திருக்கும். அவருக்கான பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள். உபதேசத்தைவிட இது உதவும்.

ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 25 முதல் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது.

பட்டினி கிடந்து மாதம் 6 கிலோ குறைப்பது வேண்டாம். தசை கரையும், பித்தப்பையில் கல் உருவாகலாம், விட்ட எடை திரும்பும்போது கொழுப்பாகவே திரும்பும். வாரம் அரைக் கிலோ போதும். மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தாலே ரத்தச் சர்க்கரையில் மாற்றம் தெரியும்.

பெருத்த வயிறெல்லாம் கொழுப்பு என்று நினைப்பது

பிரசவத்துக்குப்பின் நடுவயிற்றுத் தசைகள் விலகியிருந்தால், ஒல்லியானவருக்கும் வயிறு முன்தள்ளும். இதற்கு டயட் பயன்படாது, பிசியோதெரபி வேண்டும். கர்ப்பப்பைக் கட்டியாலும் வயிறு பெருக்கும். மாதவிடாய் நின்றபின் துளி ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் உருவாவது பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான். கர்ப்பப்பை உள்வரிப் புற்றுநோயைத் தூண்டும் காரணங்களில் அதுவும் ஒன்று.

சில மாதங்களுக்குள் வயிறு மட்டும் வேகமாகப் பெருத்து, கை கால் மெலிந்து, நாலு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டது போலிருந்தால், அல்லது மாதத்தில் 12 நாளுக்கு மேல் வயிறு உப்பியே இருந்தால் அதை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீரில் நாளைக் கடத்தாதீர்கள். சூலகப் புற்றுநோய் இப்படியும் தெரியவரலாம். அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, அடிவயிற்று ஸ்கேனும் சூலகப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் எடுக்கும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள்.