ஏர் பெட் வாங்கினால் மட்டும் போதாது: படுக்கையில் இருக்கும் முதியவரை வீட்டில் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்து ஊர்களில் வீடுவீடாகப் போய், படுக்கையில் இருக்கும் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸ் நான். இப்போது வேலைக்குப் புதிதாக வரும் பெண்களையும் கூட அழைத்துப் போகிறேன். தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் பார்த்துக்கொள்ளும் பெண்களும் அதையே செய்கிறார்கள். கை கழுவுவது, மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஏர் பெட் வந்ததும் புரட்டுவதை நிறுத்துவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும் தவறு இது.

தங்கச்சிமடம் பக்கம் ஒரு வீடு. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அம்மாவுக்கு வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்பி, ஏர் பெட் (பம்பு வைத்துக் காற்று ஏற்றும் மெத்தை) வாங்க வைத்திருந்தார். மருமகள் தினமும் உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, துணி மாற்றி அத்தனை சுத்தமாக வைத்திருந்தாள். "எப்பெப்ப புரட்டிப் படுக்க வைக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஏர் பெட்டு இருக்கே சிஸ்டர், படுக்கைப் புண்ணே வராதுன்னு கடையில சொன்னாங்க" என்றாள். அந்த அம்மாவை ஒருக்களித்துப் பார்த்தால், முதுகெலும்பின் அடியில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்திருந்தது. வெளியே தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் குழி. அது ஆற மாதக்கணக்கானது. கட்டுப் போடுவதற்கும் மருந்துக்கும் ஆன செலவு ஏர் பெட்டின் விலையைத் தாண்டிவிட்டது. அந்த அம்மா பட்ட வலிக்குக் கணக்கே இல்லை.

மருமகளின் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. விற்றவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் புண் வந்திருக்காது.

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கினால் அங்கே இரத்தம் ஓடாது. சில மணி நேரத்திலேயே சதை சாகத் தொடங்கும். பல நேரம் அது உள்ளே எலும்பை ஒட்டித் தொடங்குவதால், தோல் கிழியும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஏர் பெட் அழுத்தத்தை இடம் மாற்றிக் குறைக்கும், அவ்வளவுதான். ஆளைப் புரட்டும் வேலையை அது செய்யாது. கரண்ட் போனால் பம்பு நின்றுவிடும். அதனால், கரண்ட் இல்லாவிட்டால் காற்று எவ்வளவு நேரம் நிற்கும் என்று வாங்கும்போதே கேளுங்கள். பெட்டின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் போர்வை, அதன் மேல் சேலை என்று அடுக்கினால் பெட் போட்டதற்கே அர்த்தமில்லை. ஒரே ஒரு பருத்தித் துணி போதும். பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று பத்தவில்லை என்று அர்த்தம்.

சரி, எப்படிப் புரட்டுவது? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, மல்லாந்து, வலது என்று மாற்றுங்கள். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பு எலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும். கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோல் உரசிக் கிழியும். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். கடிகாரம் பார்க்க முடியாத வீடுகளில் பாங்கு சொல்லும் நேரம், டீ போடும் நேரம், சீரியல் முடியும் நேரம் என்று சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். நடுவில் விடுபடும் வேளைக்கு போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறை புரட்டும்போதும் தோலைப் பாருங்கள். புத்தகப் படங்களில் புண் சிவப்பாகத்தான் தொடங்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாகவோ ஊதாவாகவோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் முதல் அடையாளம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சதை இன்னும் நசுங்கும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். அது சுற்றியுள்ள தோலுக்கு இரத்தம் போவதைத் தடுக்கும்.

புண் இருக்கிறது என்று மீனை நிறுத்துவது

நம் கரையோரத்தில் இது ரொம்ப ஆழமான பழக்கம். மீனும் முட்டையும் கொடுத்தால் சீழ் வைக்கும் என்று ரசமும் சோறும் மட்டும் ஊட்டுகிறார்கள். புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். வாசலில் மீன் வந்து இறங்கும் ஊரில் அதை மறுப்பது எனக்குத் தாங்கவில்லை. முள் இல்லாமல் பிசைந்து கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கவைத்து ஊட்டுவது

கூடவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

தண்ணீரைக் குறைப்பது

துணி மாற்றும் வேலை குறையும் என்று சிலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிப் பழகிய பெரியவர்கள் தாங்களாகவும் குறைத்துக்கொள்வார்கள். இங்கே அடிக்கும் வெயிலுக்கும் வேர்வைக்கும் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். நேற்று வரை நன்றாகப் பேசியவர் திடீரென்று பிதற்றினால், வயசாகிப் புத்தி பேதலித்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கலாம். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ உடனே 108. தண்ணீரையோ மோரையோ கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். இதய நோயாளிகளுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.

யூரின் பை

குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் இந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். தரையில் படவும் கூடாது.

ஒரே பெண் தலையில் எல்லாவற்றையும் போடுவது

அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அன்றோடு புரட்டுவதும் நின்றுபோகும். நான் பார்த்த புண்களில் பலவும் அப்படி வந்தவைதான். விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் உள்ள வீடுகளில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் மகன் கையில் புரட்டும் வேட்டியின் ஒரு முனையைக் கொடுத்துவிடுவேன். ஆம்பளைக்கு இது சரிப்படாது என்று அப்பத்தாக்களே சொல்வார்கள். முதல் வாரம்தான் கூச்சம். அப்புறம் அவன்தான் நேரத்தை நினைவுபடுத்துவான்.

வீடு தேடி வரும் உதவியைக் கேட்காமல் இருப்பது

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை தருவதோடு அது முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமே, "படுக்கையில் ஆள் இருக்கிறார், பெயரைச் சேருங்கள்" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லலாம். முதியோருக்கான உதவி எண் 14567. கவனிக்காமல் விடப்பட்டவர், அடி உதை படுபவர் பக்கத்து வீட்டில் இருந்தால் நீங்களே கூப்பிடலாம்.

கைரேகை விழவில்லை என்று பென்ஷனை விட்டுவிடுவது

வலை இழுத்தும் கடல்பாசி பறித்தும் ரேகை தேய்ந்துபோன கைகள் இங்கே நிறைய. மிஷினில் விரல் பதியவில்லை என்று, அரசு பென்ஷனுக்கும் பிஎஃப் பென்ஷனுக்கும் தர வேண்டிய ஆயுள் சான்றிதழைத் தராமலே விட்டுவிடுகிறார்கள். படுக்கையில் இருப்பவரை ஆட்டோவில் ஏற்றி அலைக்கழிப்பவர்களும் உண்டு. முகத்தைப் படம் பிடித்தே போனில் ஆயுள் சான்றிதழ் எடுக்கலாம். தபால்காரரும் வீட்டுக்கு வந்து எடுத்துத் தருவார், கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரேஷனுக்கு, 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. உங்கள் அட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ரேஷன் கடையில் கேளுங்கள்.