குட்டிக் கைகளுக்குக் காகித விலங்குகள்

குழந்தையோடு காகித வேலைக்கு உட்காரும்போது நம் கை சும்மா இருப்பதுதான் கஷ்டம். கோணலாக மடித்தால் வாங்கிச் சரிசெய்யத் தோன்றும். செய்யாதீர்கள். காது ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக வந்தால்தான் அது அவர்கள் செய்த நாய்.

மூன்று, நான்கு வயதுக்குக் கத்தரிக்கோல் இல்லாமல் மடிப்பிலேயே ஆரம்பிக்கலாம். ஏ4 தாளின் குறுகிய ஓரத்தை நீள ஓரத்தோடு சேர்த்துக் குறுக்காக மடித்து, மிஞ்சும் பட்டையை நீங்களே வெட்டி எடுத்துவிட்டால் 21 செ.மீ. சதுரம் கிடைக்கும். பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், வேலை இருக்கிறது.

சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, கூர்முனை கீழே பார்க்கும்படி வையுங்கள். மேலே இருக்கும் இரண்டு மூலைகளையும் கீழ்நோக்கி மடித்தால் தொங்கும் காது, கீழ் முனையைக் கொஞ்சம் மேலே மடித்தால் மூக்கு, நாய் முகம் தயார். பூனை வேண்டுமா? கூர்முனை மேலே இருக்கட்டும், அதை முதலில் கீழே மடித்துவிட்டு, பக்க மூலைகள் இரண்டையும் காது மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி மடித்து, அப்படியே திருப்பினால் போதும். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் அழுத்தித் தேய்ப்பது குழந்தையின் வேலை, அது அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் அந்த மிச்சப் பட்டை. அதன் அகலம் சுமார் 9 செ.மீ. தான், எனவே குறுக்கே 2 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டுக் கொடுத்தால், அப்போதுதான் கத்தரிக்கோல் பிடிக்கப் பழகும் பிள்ளையும் நாலைந்து வெட்டில் ஒரு துண்டு எடுத்துவிடும் (முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள்). துண்டுகளை வளையங்களாக ஒட்டி, சங்கிலி போலக் கோக்காமல் பக்கம் பக்கமாக ஒட்டினால் கம்பளிப்பூச்சி. இதற்குத் தண்ணீர்ப் பசையைவிடக் குச்சிப் பசை நல்லது, ஈரம் பட்டால் தாள் நெளிந்துபோகும். ஒட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணச் சொல்லுங்கள், அதற்குள் பிடித்துவிடும்.

கத்தரிக்கோல் கைக்குப் பழகிய பிறகு பாம்பு. தட்டை வைத்து வட்டம் வரைந்து, ஓரத்திலிருந்து நடுவரைக்கும் இரண்டு விரல் அகலத்தில் சுருள்கோடு போட்டுக் கொடுங்கள். வண்ணம், புள்ளி, கோடு எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், வெட்டிய பிறகு அது சுருண்டு ஆடுவதால் தாளைப் பிடிக்கவே முடியாது. வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளை மெல்லச் சுற்றச் சொல்லுங்கள், இது ஒன்று பிடிபட்டால் வளைவு தானாக வரும். நடுப்பகுதிதான் தலை. அதில் நூல் கட்டித் தொங்கவிட்டால் லேசான காற்றுக்கே சுழலும்.

கண்ணுக்குக் கடையில் விற்கும் ஆடும் கண்கள் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடுவார்கள், தொண்டையில் அடைக்கும். கிரேயானால் வரையட்டும். எங்கே வரைய வேண்டும் என்று காட்டவும் வேண்டாம், மூன்று கண் வைத்தால் மூன்று கண்.