கறுப்பு நாயை ஆயில் பெயின்டில் வரைய: கண்ணில் உயிர் வந்த விதம்

எங்கள் மணி கறுப்புக் கம்போங் (கிராமத்து நாட்டு) நாய். கண்ணுக்கு மேலே பொட்டு வைத்தாற்போல் இரண்டு பழுப்புப் புள்ளி. பினாங்கில் சவ்ராஸ்தா பாசார் பக்கம் குட்டியாகக் கிடைத்தவன், இப்போது ஒன்பது வயது. அவன் முகத்தை மூன்று முறை வரைந்தேன். மூன்றிலும் ஏதோ ஒரு கறுப்பு நாய் வந்தது, மணி வரவில்லை. நாலாவதைப் பார்த்த பாட்டி, "இவனுக்குச் சோறு வச்சாச்சா?" என்று கேட்டார். அந்த நாலாவதில் நான் எதை மாற்றினேன் என்பதை இங்கே சொல்கிறேன்.

சாமான்

24 வண்ணப் பெட்டி வேண்டாம். டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரின் நீலம் என்று ஐந்து டியூப் போதும். நான் வாங்குவது வின்சர் அண்டு நியூட்டனின் வின்ட்டன் வரிசை. பழகுகிறவருக்கு அதற்கு மேல் செலவு தேவையில்லை. பிரஷில் மட்டும் காசைப் பிடிக்காதீர்கள். நுனி வளைந்த ஃபில்பர்ட் வகைப் பன்றிமுடி பிரஷ் இரண்டு, கண்ணுக்கென்று மெல்லிய ரவுண்ட் பிரஷ் ஒன்று. கறுப்பு டியூப் வாங்கவே வாங்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

படம் எடுப்பது

நாயின் கண்மட்டத்துக்கு நீங்கள் இறங்க வேண்டும். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையைப் போல் நல்ல ஸ்டூடியோ கிடையாது. தலைக்கு மேல் கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தெரு. வெளிச்சம் தெருப் பக்கமிருந்து மட்டும் வரும். காலை ஒன்பது மணிவாக்கில் அங்கே குப்புறப் படுத்து எடுத்தேன். பிளாஷ் கூடாது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. பிளாஷ் பட்டால் கண் பச்சையாக எரியும், அதை வைத்து எதையும் வரைய முடியாது.

கேன்வாஸ் 30க்கு 40 செ.மீ. அம்பரை டர்பன்டைனில் கரைத்துப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் புகைப்படத்திலும் கேன்வாஸிலும் கட்டம் போட்டு உருவத்தைக் கேன்வாஸுக்குக் கொண்டுவாருங்கள். டர்பன்டைன் எடுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், நாய் வேறு அறையில் இருக்கட்டும். அது எல்லாவற்றையும் நக்கும்.

கறுப்பு

அல்ட்ராமரினையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் ஆழமான கறுப்பு வரும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கறுப்பு, அம்பரைக் கூட்டினால் சூடான கறுப்பு. டியூப் கறுப்பில் இந்த விளையாட்டு இல்லை, அதனால்தான் அது ஓட்டை போட்ட மாதிரி தட்டையாக நிற்கும். அஞ்சடியில் விழுவது வானத்து ஒளி. ஆகவே நெற்றி, மூக்கின் மேற்பரப்பு, காதின் முதுகு எல்லாம் நீலச் சாம்பலாக இருக்கும், நிழல் பக்கம் பழுப்பாக இருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும்.

மிக ஆழமான கறுப்பைக் கண்பாவைக்கும் மூக்குத் துளைக்கும் வாய்க்கோட்டுக்கும் மட்டும் ஒதுக்கி வையுங்கள். மற்ற இடமெல்லாம் அதைவிட ஒரு படி வெளிச்சமாகவே இருக்கட்டும். முடியை ஒவ்வொன்றாக இழுக்காதீர்கள். காது ஓரத்திலும் கன்னத்து விளிம்பிலும் பத்துப் பதினைந்து இழை போதும், மீதியைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

கண்

முதல் இரண்டு முறையும் நான் விழுந்த இடம் இது. வட்டமாகக் கண்ணை எழுதி, சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டு, நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். பொம்மைக்குத் தைத்த பொத்தான் மாதிரி இருந்தது.

அந்தப் புள்ளி தெருவின் வெளிச்சம் கண்ணில் தெரிவது. ஆகவே வெளிச்சம் வரும் பக்கமாக, இரண்டு கண்ணிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மணிக்கு அது கடிகாரத்தின் பத்து மணி இடம். வெள்ளையில் துளி நீலம் சேருங்கள். அதற்கு நேர் எதிரே, கீழ்ப்பக்கம், உள்ளே நுழைந்த ஒளி பட்டு விழி தேன் நிறமாக ஒளிரும். சியன்னாவும் ஓக்கரும் கலந்து பிறைபோல் ஒரு தீற்று போதும். மேல் பகுதியில் இமையின் நிழல் விழும், அதை மறந்தால் நாய் முறைக்கும். கீழிமையில் ஈரக்கோடு ஒன்று மயிரிழையாக. கண்ணின் வெள்ளை தெரிந்தால் அது ஓரத்தில் ஒரு கீற்றுதான். அதற்கும் செஞ்சாம்பல் நிறம், வெள்ளை இல்லை.

இத்தனையும் மூன்றாவது படத்திலேயே சரியாக வந்துவிட்டது. அப்படியும் மணி வரவில்லை. படத்தை இரண்டு வாரம் சுவரில் மாட்டி வைத்து, தினமும் அவன் முகத்தோடு ஒப்பிட்டேன். பிறகுதான் புலப்பட்டது: சிக்கல் கண்ணில் இல்லை, புருவத்தில். 2019-ல் வந்த ஓர் ஆய்வில், உள்புருவத்தை மேலே தூக்கும் தசை நாய்களுக்கு நன்கு வளர்ந்திருப்பதாகவும், ஓநாய்களுக்கு அது பெரும்பாலும் சில நார்களாகவே இருப்பதாகவும் கண்டார்கள். நாய் நம்மைப் பார்த்துக் கெஞ்சும் முகம் அங்கேதான் பிறக்கிறது. மணி என்னைப் பார்க்கும்போது அவனுடைய இடது பழுப்புப் பொட்டு வலதைவிடச் சற்று மேலேறும். நான் அழகுக்காக இரண்டையும் சமமாக வைத்துவந்தேன். நாலாவதில் இடது பொட்டை மூன்று மில்லிமீட்டர் தூக்கி, உள்முனையைச் சாய்த்தேன். அவ்வளவுதான், மணி என்னைப் பார்த்தான்.

உங்கள் நாய்க்குப் பொட்டு இல்லாமல் இருக்கலாம். முடியின் போக்கு மாறும் இடத்தில் ஒரு மேடு தெரியும், அங்கே வெளிச்சம் எப்படி விழுகிறது என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பக்கத்தை வரைந்து மறுபக்கத்துக்கு நகல் எடுக்க வேண்டாம்.

காய்வது

ஆயில் பெயின்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அம்பர் என் வீட்டில் மூன்று நாளில் காயும், அதிலுள்ள மாங்கனீசு அதற்கு உதவுகிறது. வெள்ளைக்கு மழைக்காலத்தில் பத்து நாளுக்கு மேல். முதல் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும், மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுங்கள். தலைகீழானால் பின்னாளில் பெயின்ட் விரிசல் விடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு மூடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தம்பி, ஈரத்துக்குப் பயந்து படத்தை அலமாரியில் பூட்டியதாகவும், வெள்ளை மஞ்சளாகிவிட்டதாகவும் எழுதினார். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் சில வாரம் மாட்டினால் பெருமளவு தெளியும். சுவருக்கும் படத்துக்கும் நடுவே விரலிடை விடுங்கள், பின்பக்கம் பூஞ்சை பிடிக்காது.

பினாங்கின் பிறை ஊரிலிருந்து ஓர் அக்கா கேட்டது: நாய் இறந்துவிட்டது, இருப்பது பிளாஷ் போட்ட ஒரே படம், என்ன செய்ய? அக்கா, உருவத்தையும் அளவையும் அந்தப் படத்திலிருந்து எடுங்கள். வெளிச்சத்தையும் கண்ணின் உள்ளமைப்பையும் பக்கத்து வீட்டுக் கறுப்பு நாயை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பாருங்கள். புருவத்தை மட்டும் எந்த நாயிடமிருந்தும் எடுக்காதீர்கள். அதை வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். அனுப்பிய படத்தில் இடது காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு தெரிகிறது, முதல் கோட்டிலேயே அதைப் போட்டுவிடுங்கள்.