ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளின் பின் ஷாக் அப்சர்பரை வீட்டிலேயே மாற்றும் முறை

பின் சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு ஷாக் அப்சர்பர் உள்ள ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா போன்ற வண்டிகளுக்கு மட்டுமே இங்கே சொல்லும் முறை பொருந்தும். பல்சர் என்எஸ்200 போல நடுவில் ஒற்றை மோனோ ஷாக் உள்ள வண்டிகளில், அந்த ஒன்றைக் கழற்றிய உடனே பின் சக்கரத்தைத் தாங்க எதுவும் இருக்காது என்பதால், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டியை இரு சக்கரங்களிலும் நிறுத்தி, சீட்டின் பின்பகுதியை உடல் எடையால் அழுத்திச் சட்டென்று கையை எடுங்கள். நல்ல ஷாக் ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிடும். இரண்டு மூன்று முறை துள்ளினால், உள்ளேயிருக்கும் ஆயில் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். பளபளக்கும் தண்டைச் சுற்றி ஆயில் கசிந்து, அதன் மேல் மண் கருப்பாக ஒட்டியிருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. துள்ளல் சரியாக இருந்தும் பள்ளங்களில் ‘டொக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது என்றால், ஷாக்கின் கண்ணிலுள்ள (வண்டியோடு மாட்டும் முனை வளையத்திலுள்ள) ரப்பர் புஷ் மட்டும் தேய்ந்திருக்கவும் கூடும். அதை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.

ஒரு பக்கம்தான் கசிகிறது என்று ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். பழையதும் புதியதும் ஒரே அளவில் அமுங்காததால், வளைவில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஜோடியாக வாங்கி, பழையதின் பக்கத்தில் வைத்து, மேல் கண்ணின் மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரையுள்ள நீளத்தையும் புஷ் துளையின் அளவையும் ஒப்பிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

சமமான சிமென்ட் தரையில், சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முன் பிரேக் லீவரைப் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் கட்டிவிட்டால் வண்டி முன்னே நகராது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய இரவே துருநீக்கும் ஸ்பிரே அடித்து வைப்பது நல்லது. ஸ்பேனர் அளவு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் 12, 14, 17 ஆகிய மூன்று ரிங் ஸ்பேனர்களையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன் ஸ்பேனர் இறுகிய நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

இந்த வேலையில் மாறாத விதி ஒன்று உண்டு: இரண்டு ஷாக்குகளையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்து ஷாக்தான் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. அதையும் கழற்றினால் சக்கரம் கீழே இறங்கி, பிரேக் கம்பியையும் செயினையும் இழுக்கும். பிறகு துளைகளை நேர்ப்படுத்துவது பெரும் பாடாகிவிடும்.

இடப்பக்கத்தில் சேலை கார்டு இருந்தால், அதன் தகடு பெரும்பாலும் ஷாக்கின் மேல் நட்டோடு சேர்த்தே மாட்டப்பட்டிருக்கும். கழற்றும் முன் அந்த இடத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய வாஷர்களை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. மேலே இருப்பது பல வண்டிகளில் ஒரு முனை மூடிய டோம் நட். சேலை கார்டு வேண்டாம் என்று தகட்டை எடுத்துவிட்டு அதே நட்டை மாட்டினால், அது ஷாக்கைத் தொடுவதற்கு முன்பே அதன் உள்முனை, ஷாக்கின் மேல் கண் மாட்டியிருக்கும் மரையிட்ட கம்பியான ஸ்டட்டின் நுனியில் முட்டி நின்றுவிடக்கூடும். ஸ்பேனருக்கு நட்டு நன்றாக இறுகியது போலத் தெரியும்; ஷாக்கோ உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். என் தந்தையின் வண்டியில் ஒரு வாரம் சத்தத்தைத் தேடி அலைந்த பிறகே இது எனக்குப் புரிந்தது. எடுத்த தகட்டின் கனத்துக்கு ஈடாக வாஷர் சேர்த்தால் போதும்.

கீழ் போல்ட்டை முதலில் கழற்றி, பிறகு மேல் நட்டை எடுத்து, ஷாக்கை இரு கைகளாலும் பிடித்து வெளிப்பக்கமாக ஆட்டி இழுங்கள். வலப்பக்கத்தில் சைலன்சர் ஸ்பேனருக்கு இடம் தரவில்லை என்றால், எஞ்சின் பக்கத்து நட்டுகளையும் தளர்த்தாமல் அதை வளைத்துத் தள்ளாதீர்கள். ஸ்டட்டைத் துணியால் துடைத்து, சிறிது கிரீஸ் தடவி, புதிய ஷாக்கின் மேல் கண்ணை முதலில் ஏற்றுங்கள். கீழ்த் துளை சில மில்லிமீட்டர் விலகி நின்றால் சுத்தியலை எடுக்க வேண்டாம். டயருக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி நெம்பினால் சக்கரம் எழுந்து துளை நேருக்கு வந்துவிடும். போல்ட்டை முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றிப் பார்த்து, மரை சரியாகப் பிடித்த பின்பே ஸ்பேனர் போடுங்கள். மேல் ஸ்டட் பல வண்டிகளில் ஃபிரேமோடு வெல்டு செய்யப்பட்டது. ஸ்பேனரில் குழாய் மாட்டி முறுக்கி அதன் மரையைக் கெடுத்துக்கொண்டால், லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஒரு பக்கம் முழுவதும் இறுகிய பிறகு மறுபக்கம் செல்லுங்கள்.

ஸ்பிரிங் அழுத்தத்தை மாற்றும் படிகள் இருந்தால், இருபுறமும் ஒரே படியில் வையுங்கள். பழைய ஸ்பிரிங் தொய்ந்து போயிருந்த வண்டியில் பின்பக்கம் இப்போது சற்று உயர்ந்து நிற்கும் என்பதால், ஹெட்லைட்டின் ஒளி சாலையில் முன்பைவிடக் கிட்டத்தில் விழும். அதைச் சரிசெய்து, செயின் தளர்வையும் ஒருமுறை பாருங்கள். கேஸ் நிரப்பிய பழைய ஷாக்கைத் துளையிடவோ நெருப்பில் போடவோ, எந்த ஷாக்கிலும் ஸ்பிரிங்கைப் பிரிக்கவோ முயலக் கூடாது. அடக்கி வைத்த ஸ்பிரிங் முகத்தில் தெறிக்கும். சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நான்கு முனைகளிலும் மீண்டும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.