ஸ்பானிய வினையை இறந்தகாலத்தில் வழங்கும் முறை

ஸ்பானிய மொழி பயிலும் தமிழர் பலர் இறந்தகாலப் பாடத்துக்கு வந்ததும் விகுதி அட்டவணையை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அட்டவணை வேண்டியதுதான் என்றாலும், சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதைச் செவியில் ஏற்றிக்கொள்ளாதவருக்கு அது பாதிதான் பயன்படும். எனவே இங்கே அழுத்தம் பெறும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ஸ்பானியத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. இது நம் வசதிக்கான ஏற்பாடு.

வினையின் அகராதி வடிவம் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்ற மூன்றில் ஒன்றில் முடியும். அந்த முடிவை நீக்கினால் கிடைப்பது பகுதி. தமிழில் 'பேசினேன்' என்பதில் காலத்தை இடைநிலையும் இடத்தை விகுதியும் தனித்தனியே காட்ட, ஸ்பானியத்தில் ஒரே விகுதி இரண்டையும் சுமக்கிறது. 'பேசு' என்று பொருள்படும் 'அப்லார்' என்பதை எடுத்துக்கொள்வோம். பேசினேன் என்பதற்கு 'அப்லே', பேசினாய் என்பதற்கு 'அப்லாஸ்தெ', பேசினான் அல்லது பேசினாள் என்பதற்கு 'அப்லோ', பேசினோம் என்பதற்கு 'அப்லாமொஸ்', பேசினார்கள் என்பதற்கு 'அப்லாரொன்' என்று வரும். 'நான்', 'நாங்கள்' என்பவற்றைச் சொல்லாமல் விடும் வழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. ஆனால் ஆண்பால் பெண்பாலை வினை காட்டாது. மரியாதையாக ஒருவரிடம் 'நீங்கள் பேசினீர்கள்' என்று சொல்லவும் அதே 'அப்லோ'தான். ஸ்பெயினில் நெருங்கிய பலரை முன்னிலையில் அழைக்க 'அப்லாஸ்தெய்ஸ்' என்று தனி வடிவம் உண்டு; லத்தீன் அமெரிக்க வழக்கைப் பயில்வோர் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அழுத்தம் ஏன் முக்கியம் என்பது இங்கேதான் விளங்கும். 'ஆப்லொ' என்றால் நான் பேசுகிறேன். 'அப்லோ' என்றால் அவர் பேசினார். எழுத்துகள் ஒன்றே, அழுத்தம் ஓர் அசை தள்ளிப் போனதும் காலமும் ஆளும் சேர்ந்தே மாறிவிடுகின்றன. எழுதும்போது தன்மை ஒருமையிலும் படர்க்கை ஒருமையிலும் கடைசி உயிரின் மேல் சாய்கோடு இடுவது இதற்காகத்தான். கைப்பேசியில் தட்டச்சு செய்யும் சோம்பலில் அதை விட்டுவிடும் பழக்கம் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டால் பின்னர் விடாது.

'ஏர்', 'ஈர்' வகைகள் இரண்டுக்கும் விகுதிகள் ஒன்றே என்பது பெரிய நிம்மதி. சாப்பிடு என்னும் 'கொமேர்' முறையே கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமியேரொன் என்றும், ஏறு என்னும் 'சுபீர்' அவ்வாறே சுபீ, சுபீஸ்தெ, சுபியோ, சுபீமொஸ், சுபியேரொன் என்றும் வரும். 'அப்லாமொஸ்', 'சுபீமொஸ்' ஆகியவை நிகழ்காலத்திலும் இதே வடிவில்தான் இருக்கும்; நேற்று என்னும் 'அயேர்' போன்ற சொல்லோ பேச்சின் சூழலோதான் காலத்தைத் தெளிவாக்கும். 'கொமேர்' மட்டும் நிகழ்காலத்தில் 'கொமேமொஸ்' என்று பிரிந்து நிற்கும்.

தேடு என்னும் 'புஸ்கார்' தன்மையில் 'புஸ்கே' ஆகும்போது எழுத்துக்கூட்டல் மாறும். 'சி' (c) எழுத்துக்குப் பின் 'ஈ' (e) எழுத்து வந்தால் ககர ஒலி கெட்டுவிடும் என்பதால் 'சி'க்குப் பதில் 'கியூ' (q), 'யூ' (u) என்ற இரண்டு எழுத்துகளை இடுகிறார்கள். ஒலி மாறவில்லை என்பதால் இதை ஒழுங்கற்ற வினையாகக் கருத வேண்டியதில்லை.

வடிவம் கைவந்தபின் எங்கே அதைப் பயன்படுத்துவது என்ற கேள்வி எழும். தொடங்கி முடிந்துவிட்ட செயலுக்கு இந்த வடிவம். வழக்கமாக நிகழ்ந்துகொண்டிருந்ததற்கு வேறொன்று. 'நேற்று அங்கே சாப்பிட்டேன்' என்பது 'கொமீ'. 'சின்ன வயதில் தினமும் அங்கேதான் சாப்பிடுவேன்' என்று நாம் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோமே, அங்கே ஸ்பானியர் 'கொமீய' என்பார்கள். தமிழில் 'சாப்பிடுவேன்' என்று வாய் போகுமானால் 'கொமீ' பொருந்தாது என்று அறியலாம். ஆனால் செயல் நீண்ட காலம் நடந்தது என்பதற்காக மட்டும் வடிவத்தை மாற்றக் கூடாது: லீமாவில் பத்தாண்டு வேலை செய்து முடித்தவர் 'த்ரபஹே தியேஸ் ஆன்யொஸ் என் லீமா' என்றே சொல்வார், ஏனெனில் அந்தப் பத்தாண்டுக்கு எல்லை கட்டப்பட்டுவிட்டது.

இன்று காலை சாப்பிட்டதைச் சொல்லும்போது மட்டும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. மெக்சிகோவில் 'கொமீ' என்பார்கள். ஸ்பெயினின் தலைநகர் மத்ரீதிலோ பெரும்பாலும் 'எ கொமீதொ' என்று, நம் 'சாப்பிட்டிருக்கிறேன்' போன்ற கூட்டு வடிவத்தைக் கையாள்வார்கள். நீங்கள் யாரோடு பேசப்போகிறீர்களோ அவர்கள் வழக்கைப் பின்பற்றுங்கள்.